கையெழுத்துக்கு முந்திய அரைமணி

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில் என் கணவர் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். தாராவியில் ஒற்றை அறையில் நானும் இரண்டு வயது மகளும். புறப்படும் முன் அவர் இரண்டு நோட்டுகளில் ஒரே அட்டவணையை எழுதினார்: எந்தத் தேதியில் வேதாகமத்தின் எந்த அதிகாரம் என்று. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. எங்கே இருந்தாலும் காலையில் இருவரும் ஒரே பகுதியை வாசித்து, நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. கடிதம் வராத மாதங்களில் எங்களுக்குள் இருந்த பேச்சு அதுதான்.

ஒரு வியாழக்கிழமைக்கு வந்தது, ஆண்டவருக்குக் கூடாரம் செய்கிற பகுதி. திரை, பலகை, கொக்கி. மனம் ஒட்டவில்லை. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் மூச்சில் ஈர மரத்தை ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக் குழி உள்ளே போயிற்று.

அடுத்த அறை அக்காவைக் கூப்பிட்டேன். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவர் கணவருக்குத் தோல் பட்டறை. பிள்ளையைப் பார்த்தார். பர்தாவை மாட்டிக்கொண்டு ஓடி ஒரு குதிரை வண்டியைப் பிடித்து வந்துவிட்டார். வண்டியில் அக்கா என் முழங்கால்மேல் கையை அழுத்தி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மராத்தி டாக்டர் ஒருவர் மகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நாகர்கோவில்கார நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள்.

“தொண்டை அடைப்பான்க்கா. உள்ள சவ்வு மூடியிருக்கு. கழுத்துல கீறி குழாய் வைக்கணும்னு சொல்லுகாரு. வச்சாலும் பிழைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. வைக்கலேன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கையெழுத்துப் போடணும். அரைமணி நேரத்துல சொல்லுங்க.”

கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள்.

கேட்பதற்குக் கணவர் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். “ஆண்டவரே” என்பதற்கு அடுத்த சொல் வரவில்லை. அவசரத்தில் பையில் அள்ளிப் போட்டவற்றில் வேதமும் இருந்தது. கண்ணை மூடி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்தேன். எங்கள் சபையில் சிலர் அப்படிச் செய்வார்கள். என் கணவருக்கு அது பிடிக்காது. கடவுளிடம் சீட்டுப் போடுகிற வேலை என்பார். என் விரல் விழுந்த வசனத்தில் ஒரு குழந்தை செத்துக் கிடந்தது.

புத்தகத்தை மூடினேன். இதுதான் பதிலா, கீறவே கூடாது என்கிறாரா, கீறினாலும் போய்விடும் என்கிறாரா? திரும்பத் திறக்கக் கை வரவில்லை. அக்கா பக்கத்தில் தனக்குத் தெரிந்த துவாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் காலையில் ஏனோதானோவென்று வாசித்தது நினைவுக்கு வந்தது. கூடாரத்தைக் கட்ட ஆண்டவர் வானத்திலிருந்து யாரையும் இறக்கவில்லை. வேலை தெரிந்த மனிதர்களைக் கூப்பிட்டார். அந்தத் திறமையும் தாம் கொடுத்ததுதான் என்றார். உள்ளே ஒரு மனிதர் கையைக் கழுவிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை.

“அக்கா, நான் கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆயிட்டா, அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“நான் சொல்லுதேன், நீ போட்டது சரின்னு. எவன் வந்து கேட்டாலும் சொல்லுதேன்.”

போட்டேன். என் பெயர் எனக்கே வாசிக்க முடியாதபடி கோணலாக விழுந்தது.

பிழைத்தாள். ஆனால் எட்டு நாள் கழுத்தில் குழாயோடு கிடந்தாள். அழுவாள், வாய் கோணும், கண்ணீர் வழியும், மூச்சு குழாய் வழியாகவே போய்விடுவதால் சத்தம் மட்டும் வராது. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. காலைப் பகுதியைக் கட்டிலோரம் வாசிப்பேன். ஒரு கண் எழுத்தில், ஒரு கண் குழாயில்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்து, டாக்டர் ஓட்டையை விரலால் மூடினார். மகள் வீறிட்டாள். கரகரத்த, பெரிய குரல். நர்ஸ் சிரித்தாள். வராந்தாவுக்குப் போய் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.