பாண்டியின் முகம் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தக வெளியீட்டு விழா. கிராஃபிக் நாவல். அதாவது, கொஞ்சம் தடிமனான படக்கதை! வரைந்தவன் என் நண்பன் செந்தில், பசுமலையில் டிராயிங் மாஸ்டர். கதை? அவன், நான், பாண்டி – மூன்று பேரும் காலேஜ் காலத்திலிருந்து மதுரையைச் சுற்றிய கதைதான்.

எங்க ஊர்க்காரர்களைத் தெரியாதா? கல்யாண ஃபிளெக்ஸில் தன் போட்டோ எங்கே என்று தேடிவிட்டுத்தான் மாப்பிள்ளையையே பார்ப்போம். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் புத்தகம் கைக்கு வந்ததும் நானும் எத்தனை கட்டத்தில் இருக்கிறேன் என்று எண்ணினேன். நாற்பத்தொரு கட்டம்! தொப்பையைக்கூடக் குறைத்திருந்தான், புண்ணியவான்.

அதோடு சும்மா இருந்தேனா? திருமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பாண்டிக்குப் போன் போட்டு, "மாப்ள, நீ எத்தனை கட்டம்?" என்றேன்.

தனக்கு வந்த பிரதியைப் புரட்டிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தான். "எல்லாத்துலயும் என் முதுகுதான்டா இருக்கு. இம்புட்டு வருஷம் பழகி, என் மூஞ்சி ஞாபகம் இல்லையா அவனுக்கு? நான் விழாவுக்கு வரல."

விஷயத்தைச் சொன்னதும் செந்தில் ஆடிப்போனான். "பாண்டி இல்லாம விழாவே வேணாம்டா" என்றான். இருபது வருட நட்பு... என் ஒரு போன்காலில் போச்சா?

செந்திலை இழுத்துக்கொண்டு திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். பாண்டி நிமிர்ந்தே பார்க்கவில்லை. டீ மட்டும் சொன்னான் – கோபம் வேறு, டீ வேறு.

செந்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்தான்.

"என்கிட்ட ஏதுடா வண்டி? காலேஜுக்கு, இன்டர்வியூவுக்கு, எங்கப்பா மேலூர்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப... எல்லாத்துக்கும் நீதான கூட்டிட்டுப் போன? பக்கத்துல மொபட்ல வந்த இவன் மூஞ்சி தெரியும். பின்னாடி உக்காந்தவனுக்கு உன் முதுகுதான மாப்ள தெரியும்? இந்த ஊரையே நான் உன் தோளுக்கு மேலதான்டா பாத்தேன்."

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் பாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். என்னை எண்ணிய அவசரத்தில் இதைக் கவனிக்கவே இல்லை!

பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வாரேன்டா. ஆனா விழா அன்னைக்கு நீ ஓட்டு, நான் பின்னாடி உக்கார்றேன்."

செந்திலுக்கு இன்றுவரை வண்டி ஓட்டத் தெரியாது. விழாவுக்கு ஷேர் ஆட்டோவில்தான் போனோம் – எதிர் சீட்டில், எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, பாண்டி!