கீழ்வீட்டுக்குக் கேட்கும் அளவு

என் வீட்டுக்காரர் ஹோம் தியேட்டர் பொருத்துகிறவர். கடையில் அவருக்குத் தவக்களை என்று பட்டப்பெயர். சப்வூஃபர் என்கிற அடிச்சத்தப் பெட்டிக்கு இடம் பார்க்க அவர் செய்கிற கூத்துதான் காரணம். அந்தக் கனத்த பெட்டியை முதலில் சோஃபா மேல், ஆள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வைப்பார். பாட்டை ஓடவிட்டு, அறை முழுக்க நான்கு காலில் தவழ்வார். தரையில் எந்த இடத்தில் அந்த அடிச்சத்தம் சுத்தமாகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். பார்க்கிறவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள், இவர் கண்டுகொள்ள மாட்டார். "பெட்டி எங்க இருக்குன்னே தெரியக்கூடாது. தெரிஞ்சா சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்பார். வீட்டில் நான் டிவியை இரண்டு புள்ளி ஏற்றினால்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நிற்பார்.

இவ்வளவு அடக்கம் பேசுகிற மனிதர், பொருள் விற்கும்போது மட்டும் வாயை அடக்க மாட்டார். வினை அங்கேதான் வந்தது.

ஐந்தாவது மாடியில் ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். பெட்டி வைத்த மறுவாரமே அந்த ஆள் போன் செய்தான், சத்தம் போதவில்லையாம். இவர் போய் ஏற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடியும் அதே புகார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "ஜன்னலே ஆடுது, இன்னும் என்னதான் வேணுமாம் அவனுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

அன்றும் தவழ்ந்தார். தவழ்கிறவனுக்கு வீடு வேறு மாதிரி தெரியும். துணிக்கூடைக்குப் பின்னால் குளியலறைக் கதவின் கீழ்ப்பலகை உதைத்து உடைக்கப்பட்டிருந்தது. சோஃபாவுக்கு அடியில் மூக்குக் கண்ணாடியில் காதில் மாட்டும் காம்பு ஒன்று கிடந்தது. அந்த நேரம் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. வலது கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தண்ணீர் டம்ளரோடு நின்றாள், கண்ணாடிக்கு ஒரு பக்கம் டேப் ஒட்டியிருந்தது. புருஷன் பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து டம்ளரை நீட்டினாள். "அண்ணா, இது எவ்வளவு சத்தத்துல இருந்தா, நான் பேசுறது கீழ்வீட்டுக்குக் கேக்கும்?"

இருபது வருஷமாக எல்லாரும் இவரிடம் கேட்டது, கீழ்வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வழி என்ன என்றுதான். இவருக்குப் புரியவில்லை. "பேசுறதாம்மா?"

"கத்துறது" என்றாள், பால்கனிக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான், அந்த ஆள் பெட்டி வாங்க வந்த அன்று கடையில் தான் அடித்த ஜோக் இவருக்கு ஞாபகம் வந்தது. 'சார், இதப் போட்டு விட்டுட்டு நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துல ஒரு ஈ காக்காய்க்குக் கேக்காது.' அந்த ஆள் சிரிக்கவில்லை. அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

"இப்பவே என்னோட கீழ வந்துடும்மா."

"ரெண்டு பேரையும் விடமாட்டார். நாலு பேர் வந்து கதவத் தட்டினா வெளிய வந்துடுவேன்."

"சரி. நான் கீழ போனதும் சமையலறையிலேருந்து அவர்கிட்ட எதையாவது சத்தமாக் கேளு."

பால்கனிக் கதவு திறந்தது. "என்ன பேச்சு?" என்றான் அந்த ஆள்.

"தண்ணி கேட்டேன் சார்." டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

அடிச்சத்தம் சுவர் ஓரத்தில்தான் குவியும். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினார். பெட்டியை மூலையில் இறக்கினார். பிறகு அந்த ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாச் சத்தத்தையும் பாதியாகக் குறைத்து, அதற்கு மேல் ஏறாதபடி மெனுவையும் பூட்டினார். அந்த ஆள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன நோண்டுற?"

"இப்ப உக்காருங்க சார்."

உட்கார்ந்தான். படத்தில் ஒரு பாலம் வெடித்துச் சிதறியது. சோஃபாவில் இருந்தவனுக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, ஆனால் நாலடி தள்ளி நின்ற இவருக்கு அதில் பாதிகூட இல்லை. அந்த ஆள் சுற்றிலும் பார்த்தான், காதைத் தேய்த்தான். எழுந்து நாலடி நடந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். "இதான்யா நான் கேட்டது" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"கீழ அதிர்வு இருக்கான்னு பாத்துட்டு வரேன் சார். நாளைக்குப் புகார் வந்துடக் கூடாது பாருங்க."

நாலாவது மாடியில் ஒரு தையல்காரம்மா. இவர் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். மேலே தும் தும் என்று மெல்லிசாகப் படம் ஓடியது. அதற்கு நடுவே தெளிவாக ஒரு குரல், "காபி போடவா?"

தையல்காரம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா? ஒரு மாசமா குரலே கேக்கல. அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்."

"இனிமே கேக்கும்மா. கேட்டா சும்மா இருந்துடாதீங்க. நாலு பேரக் கூட்டிட்டுப் போய்க் கதவத் தட்டுங்க" என்று, பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கும் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அவனுக்கு வழி காட்டினதே நீங்கதானே" என்று கேட்டுவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டார். கேட்டிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது, ஆனால் கேட்டது பொய்யில்லையே. எட்டு நாள் அப்படித்தான் போனது. போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். போனைக் காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது, அப்படிக் கத்தினான். "என்னய்யா செட் பண்ணி வச்சிருக்க? கீழ்வீட்டுக்காரி ஒரு கூட்டத்தையே கூட்டிட்டு வந்து என் பொண்டாட்டிய அழைச்சுட்டுப் போயிட்டா. எல்லாம் கேட்டுச்சாம். ஒழுங்கா வந்து சத்தத்த ஏத்திக் குடு."

"ஏத்த முடியாது சார்" என்றார் இவர். "எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் வச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பாடு போடச் சொன்னார்.