பெருவிரல் பதிந்த குளவிக்கூடு

கொழும்பில் மகளின் மாடிவீட்டு ஜன்னலில் நேற்று ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. துப்புரவுக்கு வந்த பெண் தும்புத்தடியை ஓங்கியதும், "ஐயோ, விடுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மகள் தேத்தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அம்மாவுக்கு விசர் என்று நினைத்திருப்பாள். நீங்களாவது கேளுங்கள்.

அறுபதுகளில், தெல்லிப்பழையில், சித்திரைக் கடைசியில் காண்டாவன வெயில் தொடங்கினால் பறவைகளுக்கெல்லாம் எங்கள் கிணற்றடிதான் போக்கிடம். புலுனிகள் கூட்டமாக வந்து சண்டை பிடித்துக்கொண்டே குளிக்கும். செண்பகப் பறவை மட்டும் கலியாண வீட்டுக்கு வந்த பணக்கார மாமனைப் போலத் தனியே, ஆறுதலாக வரும். ஈரச் செம்பாட்டு மண்ணை உருட்டிக்கொண்டு போகக் குளவிகளும் வரும்.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த அறையில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. என் சித்தப்பாவின் மனைவி, நாங்கள் குஞ்சியம்மா என்று கூப்பிடுபவள், கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லாதவள். கிணறு வற்றுகிற நாளிலும் ஒரு வாளித் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிடுவாள்.

"தோட்டத்துக்கே தண்ணி காணாது" என்று அப்பா முணுமுணுப்பார்.

"குருவியள் குடிக்கட்டும்" என்பாள் குஞ்சியம்மா. அவள் பார்த்திருந்தது குருவியை இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியும்.

பாழாய்ப்போன குளவி அந்த வருடம் அம்மாவின் அறையில், அலுமாரிப் பக்கத்தில் கட்டித் தொலைத்தது. ஏற்கெனவே நாங்கள் ஐந்து பேர். அம்மா தலையில் கை வைத்தா.

"எனக்கு உது வேண்டாமப்பா, இருக்கிறதுகளுக்கே சோறு காணாது!"

குஞ்சியம்மா கீரிமலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மா அந்தக் கூட்டைக் கத்தியால் நோகாமல் பெயர்த்தெடுத்தா. ஈர மண் குழைத்துக் குஞ்சியம்மாவின் அறைச் சுவரில் ஒட்டினா. "ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது" என்று எங்களுக்குக் கட்டளை வேறு.

ஈரத் தலையோடு வந்த குஞ்சியம்மா கூட்டைக் கண்டு அப்படியே நின்றாள். முகம் மலர்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அக்கா, உந்தக் குளவிக்குப் பெருவிரல் இருக்குது போலை!"

மண்ணில் அம்மாவின் விரல் அச்சொட்டாகப் பதிந்திருந்தது. நாங்கள் கொல்லென்று சிரித்தோம். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். "அழாதை பிள்ளை" என்று கட்டிப் பிடித்த அம்மாவும் அழுதா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நானும் சேர்ந்து அழுதேன்.

குளவி ஆள்மாறவில்லை. அடுத்த காண்டாவனத்துக்கு முன் அம்மாவுக்குத்தான் பிள்ளை பிறந்தது, தம்பி. பால் கொடுத்த கையோடு அவனைக் கொண்டுபோய்க் குஞ்சியம்மாவின் பாயில் கிடத்திவிடுவா. அங்கேயே வளர்ந்தான். பேச்சு வந்தபோது குஞ்சியம்மாவை அம்மா என்றான். பெற்றவளைப் பெரியம்மா என்றான். இனசனம் திருத்தப் பார்த்தது.

"அவன் சரியாத்தான் சொல்லுறான்" என்றா அம்மா.

அந்த வீடு இப்போது இல்லை. அவர்கள் இரண்டு பேரும் இல்லை. தம்பி கனடாவிலிருந்து வருடாவருடம் போன் எடுத்து, "அம்மான்ரை திவசம் எப்ப, அக்கா?" என்று கேட்பான். எந்த அம்மா என்று நான் கேட்பதில்லை. இரண்டு நாளையும் சொல்லிவிடுவேன்.