பொடி வந்து சேர்ந்துவிட்டது

போலீசுக்கு மொழிபெயர்க்கப் போகிறவருக்கு இரண்டு மொழி தெரிந்தால் போதாது. இரண்டு தரப்பும் சந்தேகமாகப் பார்க்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரிந்திருக்கவேண்டும். "எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும்" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அடுத்தவர் விண்ணப்பம், அடுத்தவர் ஆஸ்பத்திரி, அடுத்தவர் வழக்கு என்று அலைகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்கிற இடங்களில் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது வருவதில்லை.

ஒரே ஒரு கட்டம்

நான் திருச்சிக்காரி. கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை. இலங்கையில் போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து பாரிஸுக்கு வந்தேன். கல்லூரியில் படித்த பிரெஞ்சை வீணாக்குவானேன் என்று மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பத்தில் 'தமிழ்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. எந்தத் தமிழ் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. டிக் அடித்துவிட்டேன்.

அந்த வாரமே, பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷபேலில் ஒரு மளிகைக்கடைக்குப் போய், "அண்ணா, சின்ன வெங்காயம் இருக்குங்களா?" என்றேன். கடை முழுக்க யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை, மீதியை ஊகித்துக்கொண்டேன். தொழிலையும் அப்படித்தான் தொடங்கினேன் என்று இப்போது தெரிகிறது. கடைக்காரர் மட்டும் என் பேச்சில் சொக்கிப்போய் நின்றார்: "தங்கச்சி, நீங்கள் படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

கொத்து

பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்வாசல்களில் போதைமருந்து விற்கும் கும்பல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். லிஃப்ட் ஓடாது. அங்கே குடியிருப்பவர்களே கும்பலிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படியேறவேண்டும். கும்பலில் ஒருவனுடைய போனில் ஒரு தமிழர் நம்பர் கிடைத்தது. நாலாவது மாடியில் மனைவியோடு குடியிருந்த தவராசா அண்ணையுடைய நம்பர். லா ஷபேலில் ஒரு கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். அவருடைய போனை ஒட்டுக்கேட்டு, பேச்சைப் பிரெஞ்சில் எழுதித்தர என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். அடிக்கடி வந்த 'கொத்து' என்ற சொல்லைச் சங்கேதம் என்று நினைத்து, வெள்ளைப்பலகையில் எழுதி வட்டம் போட்டிருந்தார். ரொட்டியை இரண்டு தகட்டால் கொத்துவதை மேசைமேல் கையால் தட்டிக் காட்டினேன். மனைவியைப் படியில் மறிக்காமல் இருப்பதற்காக அந்த ஆட்களுக்கு இவர் கொத்து கொண்டுபோய்க் கொடுக்கிறார், அதற்குத்தான் போன் செய்கிறார்கள் என்றேன். அவர் பலகையை அழிக்கவில்லை. "மதாம், வெறும் ரொட்டிக்கு யாராவது இத்தனை தடவை போன் செய்வார்களா?"

ஒரு நிமிஷப் பேச்சு

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் கொத்து, உறைப்பு, வாடகை, தலையிடி என்று எழுதி அலுத்துப்போயிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. மனைவி தவராசா அண்ணையிடம் சொன்னார்: "பொடி வந்து சேந்திட்டுது. நல்லா நனைஞ்சு வந்திருக்கு." அவர் பதறிக்கொண்டு, "சரி, அறைக்குள்ளை வை. ஒருத்தருக்கும் காட்டாதை. அங்கை கனநாள் வச்சிருக்கேலாது, நாளைக்கே ஒபர்வில்லியேக்கு அனுப்புவம்" என்றார்.

திருச்சியில் பொடி என்றால் என்ன? சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மூக்குப் பொடி. நாலு முறை திருப்பிக் கேட்டேன். 'பவுடர் வந்து சேர்ந்துவிட்டது. நன்றாக நனைந்திருக்கிறது' என்று எழுதினேன். என்னுடைய மேசைக்கு அடுத்த மேசையிலேயே கணேசண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாக இதே தொழில். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழச்சி தமிழில் சந்தேகம் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் திமிரை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அதிகாரி காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்: "இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தோம், மதாம்."

காலை ஆறு மணி

சட்டப்படி ஆறு மணிக்கு முன்னால் கதவை உடைக்கக்கூடாது. ஆறு அடித்ததும் உடைத்தார்கள். தலைக்கவசமும் கேடயமுமாகப் படி முழுக்கப் போலீஸ். ஒரே நேரத்தில் ஏழு வீடுகள். நான் நாலாவது மாடியில் சுவரோடு ஒட்டி நின்றேன். தவராசா அண்ணை கைலியோடு முழங்காலில் இருந்தார். பிடரியில் ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது. சொல்வதைக் கேட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று தமிழில் சொன்னேன். அதைச் சொல்லத்தான் என்னை அழைத்துப் போயிருந்தார்கள்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ஊரில் ஆமி, அதாவது ராணுவம், சுற்றிவளைக்கும்போது ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடவே ஒருவனை உட்காரவைப்பார்களாம். அவன் பெயர் தலையாட்டி. அவன் தலையசைத்தால் ஆளை ஏற்றிவிடுவார்களாம். இதையெல்லாம் கையில் விலங்கு மாட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறுமையாக விளக்கினார். கடைசியில் சொன்னார்: "அவங்கள் முகத்திலை சாக்குப் போட்டுக்கொண்டு வருவாங்கள், தங்கச்சி. நீங்கள் அதுவும் இல்லாமல் வந்திருக்கிறியள்."

நிலவறைப் பூட்டு

கட்டடத்துக்கு அடியில் ஆளுக்கொரு நிலவறை உண்டு. தவராசா அண்ணையுடைய நிலவறையில் ஒரு விளையாட்டுப் பை நிறையச் சரக்கு இருந்தது. பூட்டைக் கும்பல் உடைத்து ஒரு வருஷமாகிறது, கட்டட அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன் என்றார். கடிதம் யாரிடமும் இல்லை. விசாரணையில் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று பதில் சொன்னவரைப் பார்த்து, இவர் ஏன் நடுநடுவே சாமி கும்பிடுகிறார் என்று அதிகாரி கேட்டார். அது 'ஆமாம்' என்றேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு அதிகாரி கேட்கச் சொன்னதைக் கேட்டேன்: "போன்ல பொடி வந்து சேந்திட்டுதுன்னு உங்க மனைவி சொன்னாங்களே, அது என்ன பொடி?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "தெரியாது" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாளும் அந்த ஒரே பதில்தான். மனைவியும் அதையேதான் சொன்னார். அவரை விட்டுவிட்டார்கள், தவராசா அண்ணையை ரிமாண்டில் வைத்தார்கள். பத்து நாள் கழித்து, எடுத்துப்போன சாமான்களைத் திருப்பிக்கொடுக்க அவர் மனைவியைப் போலீஸ் வரச் சொல்லியிருந்தது, மொழிபெயர்க்கப் போனேன். கட்டடத்தில் இப்போது அமைதியா, வாசலில் அந்த நாற்காலிகள் போய்விட்டனவா என்று அதிகாரி அக்கறையாக விசாரித்தார். மனைவி என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்: "அவங்கள் அண்டைக்குப் பின்னேரமே கதிரையைக் கொண்டுவந்து போட்டிட்டாங்கள். இவர்தான் இன்னும் வரேல்லை."

இரண்டு ஊர்ப் பொடி

ஒரு மாதம் போயிருக்கும். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கணேசண்ணை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவருடைய மகனுக்கு முப்பது வயது, காரோட்டி. கதவு திறந்த சத்தம் கேட்டதும் அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "பொடி வந்திட்டுதோ?" என்று குரல் கொடுத்தார். வந்து நின்றவன் அந்தக் காரோட்டி மகன். எனக்குக் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

கணேசண்ணையைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பேச்சை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் பொடி என்றால் பையன், வீட்டுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் பொடிதான், செல்லமாக 'வந்திட்டுது' என்று அஃறிணையில்தான் சொல்வார்கள் என்றார். நனைஞ்சு வந்திருக்கு என்றால் மழையில் நனைந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "பிள்ளை, உங்கடை ஊரிலை பொடியை மூக்கிலை போடுவினம். எங்கடை ஊரிலை பொடியைப் பள்ளிக்கூடத்திலை போடுவினம்."

வேண்டுகோள்

தவராசா அண்ணையுடைய வக்கீலைக் கூட்டிக்கொண்டு சிறைக்கு ஓடினேன். அண்ணா, தப்பு என்னுடையது, திருத்திவிடுகிறேன், வெளியே வந்துவிடுவீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வக்கீல் பக்கமே திரும்பாமல் குரலைத் தாழ்த்தினார். வந்தது அவருடைய மனைவியின் அண்ணன் மகன். இருபத்தாறு வயது. ஒருமுறை இங்கே தஞ்சம் கேட்டு, மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவன். ஊரில் அவனுடைய தமையனை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. இவன் தப்பி, காகிதம் ஏதும் இல்லாமல் இரண்டாம் தரம் வந்திருக்கிறான். ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கில் பெட்டி தூக்குகிறான், அங்கேயே படுக்கிறான்.

'அது என்ன பொடி?' என்று நான் கேட்ட அந்த நிமிஷமே அவருக்குத் தவறு விளங்கிவிட்டது. விளங்கித்தான் 'தெரியாது' என்றிருக்கிறார். தான் சிறையில் இருக்கும்வரை அந்தப் பையனை ஒருவரும் தேடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வக்கீல், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தவராசா அண்ணை மேசைமேல் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்: "அது தூளாகவே இருக்கட்டும், தங்கச்சி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

திருத்தம்

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் வக்கீலிடம், அவர் களைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பதினோரு நாள் சும்மா இருந்தேன். உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று கை தூக்கிச் சத்தியம் செய்தவள் நான். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் பல வருஷம் உள்ளே இருப்பார், அது என் கையெழுத்தோடு இருக்கும். அதைத் திருத்தாமல் விடமுடியாது என்று தோன்றியது. மனச்சாட்சி என்று சொல்ல ஆசைதான். பாதி அதுதான், மீதி, என் பெயரில் ஒரு தப்பு இருக்கக்கூடாது என்ற பழைய திமிர். பையன் என்றால் யாரோ ஒரு பையன், எந்தப் பையன் என்று யார் கேட்கப்போகிறார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.

நீதிபதி அம்மா என்னைக் கண்டிக்கவில்லை. நேர்மைக்கு நன்றி என்றார். பொடி என்றால் பையன். ஆகவே பவுடர் இல்லை. பூட்டு உடைந்த நிலவறையில் இருந்த பையை மட்டும் காட்டி ஆளை உள்ளே வைக்கமுடியாது. தவராசா அண்ணையை விடுவிக்க உத்தரவு போட்டார். கையெழுத்துப் போட்ட பேனாவை மூடப்போனவர், மூடாமல் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியையும் தவராசா அண்ணையிடம் நான்தான் தமிழில் கேட்கவேண்டியிருந்தது. "அப்படியானால், ஒருவருக்கும் காட்டக்கூடாத அந்தப் பையன் யார்? இப்போது ஒபர்வில்லியேயில் எங்கே இருக்கிறார்?"

பொடி

தவராசா அண்ணை வாயைத் திறக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கிடங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டான். வாசலில் நாற்காலி போட்டு விற்கிறவர்களைப் பிடிக்க முடியாத ஊரில், பெட்டி தூக்குகிறவனைப் பிடிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. விமான நிலையத்துப் பக்கத்துத் தடுப்பு முகாமில், திருப்பி அனுப்பும் உத்தரவை அவனுக்குத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று போன் வந்தது. கணேசண்ணை மாட்டேன் என்றுவிட்டார். முடியாது என்று நானும் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று போனேன்.

பொடி என்றார்களே, தாடி வைத்த, என்னைவிட ஒரு அடி உயரமான ஆள். உத்தரவைப் படித்தேன். எந்த விமானம், எந்தக் கிழமை என்றும் படித்தேன். இடையில் ஒருமுறை படிப்பதை நிறுத்தினேன். அவன் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். நான் யார், என்ன எழுதினேன் என்று அவனுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மேல்முறையீட்டுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறது, ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன். யோசித்து ஒன்றே ஒன்று கேட்டான். "மாமாவை விட்டிட்டாங்கள்தானே, அக்கா? அப்ப சரி."

ஒரே சொல்லை நான் இரண்டு முறை மொழிபெயர்த்திருக்கிறேன்: தப்பாக எழுதியபோது ஒருவர் உள்ளே போனார், சரியாக எழுதியபோது இன்னொருவன் நாட்டைவிட்டே போனான்.