கட்டுப் போட்ட முழம்

பூக்காரனுக்குத் தராசும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு கை இருந்தால் போதும், கடை ஓடும். மாட்டுங்காவில் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு பலகையும் அதற்கு மேல் ஒரு நீல பிளாஸ்டிக் விரிப்புமாக என் கடையும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, என் இடது முழங்கையில் நரம்பு மாட்டிக்கொள்ளும்வரை. முழங்கையில் கத்தி வைத்துக்கொண்டவர்களே, ஒற்றைக் கையால் லுங்கி கட்டி நடுவழியில் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நோய் வந்த வழி

முதலில் சுண்டுவிரல் மரத்தது. அதற்குத் துணையாக மோதிரவிரலும் போனது. பூக் கட்டும்போது நாரை இழுத்துப் பிடிப்பது இந்த இரண்டும்தான். நான் கட்டிய சரம் நெரிசலான ரயிலில் ஏறி இறங்கினாலும் ஒரு மொட்டு உதிராது என்று பெயர். அந்தப் பெயர் என் மடியிலேயே பொலபொலவென்று கொட்டியது. மனைவி செல்வி என்னைச் செம்பூரில் ஒரு தமிழ் டாக்டரிடம் இழுத்துப்போனாள். சின்ன வயதிலிருந்து பூக் கட்டுகிறேன், உழைத்தே நரம்பு தேய்ந்துவிட்டது என்று அவரிடம் குரலை இறக்கிச் சொன்னேன். அவர் முகத்தில் லேசாக மரியாதை தெரிந்தது. செல்விக்குப் பொறுக்கவில்லை.

"பூ கெட்டுனதால வரல சார். பலகைல மொழங்கைய ஊணி, காதுல போன வச்சிக்கிட்டு, காலைலருந்து ஊர்க்கத பேசுதாவ. அதான்."

டாக்டர் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். கையை மடக்கி அதன்மேல் பாரத்தையும் போட்டால் நரம்பு நசுங்கும், அதை எலும்புக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர வேண்டும் என்றார். மறுபடியும் பழையபடி கட்ட முடியுமா என்று கேட்டேன். பயந்துதான் கேட்டேன். "முடியலாம், மெதுவாத்தான் வரும். நரம்பை நான் இடம் மாத்தி வெச்சிடுவேன். போனை நீங்கதான் இடம் மாத்தணும்" என்றார்.

யாருடைய கை?

ஆபரேஷனுக்காகத் தோளிலிருந்து கீழே கை முழுக்க மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். வார்டில் கண் விழித்தபோது என் நெஞ்சின்மேல் கனமாக, சில்லென்று ஒரு கை கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தூக்கத்தில் போட்டுவிட்டார்போல என்று நினைத்து, மரியாதையாக எடுத்துக் கீழே விட்டேன். அது தொங்கியது. கூடவே என் தோளும் போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து தன் இரண்டு கைகளையும் காட்டினார்.

மலையாள நர்ஸ் ஓடிவந்து கையைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சேட்டா, இது உங்க கைதான். வீட்டுக்குப் போகும்போது மறந்துட்டுப் போகாதீங்க."

அளவுகோல்

நான் வீட்டில் கிடந்தபோது கடையில் செல்வி உட்கார்ந்தாள். கட்டுவது பரவாயில்லை. முழம்தான் பிரச்சினை. அவள் என்னைவிடக் குள்ளம், கையும் அப்படியே. வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் மாமி ஒருவர், வாங்கிய சரத்தைத் திருப்பி நீட்டி, "ஏம்மா, இது உன் முழம். நேக்கு உங்காத்துக்காரர் முழம்தான் வேணும்" என்றுவிட்டார். மாமி போன வழியில் மற்றவர்களும் போகத் தொடங்கினார்கள்.

மறுநாளே செல்வி என்னைக் கடைக்கு அழைத்துவந்துவிட்டாள். பேச அல்ல, கட்ட அல்ல. முழங்கையில் பஞ்சும் துணியுமாகத் தடித்த கட்டோடு, என் கை பலகைமேல் ஒரு தலையணையில் நீட்டி வைக்கப்பட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் செல்வி சரத்தை என் கைமேல் போட்டு அளந்து நறுக்கிக் கொடுத்தாள். ஈரம் பட்டுத் துணி நனைந்ததற்காக டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஏனென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கட்டின் தடிமன் அளவுக்கு என் முழம் நீண்டிருந்தது.

தையல் பிரித்து வெறுங்கையோடு வந்த அன்று மாமி என் முழங்கையை வருத்தத்தோடு பார்த்தார். "கட்டை அதுக்குள்ள பிரிச்சுட்டாளா? இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கப்படாதோ?"

மடங்கிய விரல்கள்

கட்டைப் பிரித்தும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நேராக நிற்கவில்லை, கொக்கி மாதிரி வளைந்தே இருந்தன. தினமும் சின்னச் சின்னப் பொருள்களை அந்த விரல்களால் பொறுக்கி எடுங்கள் என்று டாக்டர் பயிற்சி சொல்லியிருந்தார். செல்வி தாதர் மார்க்கெட்டுக்குப் போகும் விடிகாலையில் தனியாக உட்கார்ந்து கட்டிப் பார்ப்பேன். நார் நழுவும். அழுகை வரும். கடைசிவரை என் பிழைப்பு அளவுகோலாகக் கிடப்பதுதானோ என்று தோன்றும். அவள் வருவதற்குள் மொட்டுகளைக் கூட்டிக் கூடையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருப்பேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர் எதிர்க்கடைத் தேங்காய் அண்ணாச்சி. முழம் அளக்கும்போது விரலை மடக்கி அளவைக் குறைக்கிறேன் என்று நெடுநாளாகக் கேலி செய்பவர். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலே, இம்புட்டு நாளும் நீ வேணும்னு மடக்குனது, இப்ப நெசமாவே மடங்கிட்டுல்லா!"

முதல் சரம்

ஒரு சாயங்காலம் கடை எடுத்து வைக்கும் நேரத்தில், செல்வியின் எதிரிலேயே நாரை எடுத்தேன். சுண்டுவிரல் நடுங்கியது, ஆனாலும் பிடித்தது. ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சரம் தொளதொளவென்று இருந்தது. எவரும் வாங்கமாட்டார்கள். செல்வி விற்கிற பூவில் ஒரு இணுக்குகூடத் தன் தலையில் வைக்கமாட்டாள், வியாபாரம் போய்விடுமாம். அன்றைக்கு அந்தச் சரத்தை எடுத்துக் கொண்டையில் சுற்றிக்கொண்டாள்.

தாராவியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தோம். அவள் ஓரெட்டு வைத்தால் ஒரு மொட்டு விழுந்தது. நான் பின்னாலேயே குனிந்து குனிந்து அந்த இரண்டு விரல்களாலேயே பொறுக்கிக்கொண்டு போனேன். எல்லாம் கைக்கு வந்தன. செல்வி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பொறுக்குனது போதும், நாளைக்கு இறுக்கிக் கெட்டுங்க."

இப்போது நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்துவிட்டுத்தான் பூக் கட்டுகிறேன், அதனால் நரம்பு பிழைத்துக்கொண்டது, என் வீட்டு விவகாரம்தான் மாட்டுங்கா முழுக்க முழம் போட்டு விற்கிறது.