சந்திரகாந்தாவின் "நோப்"

நாலந்தாவுக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டோரமாக இருக்கிற ஸ்பைஸ் கார்டனில் சந்திரகாந்தாவுக்கு ஒன்பது வருடம். தேயிலைக் கொழுந்து பறித்த கை. இன்று வெள்ளைக்காரருக்கு ஏலமும் கறுவாப்பட்டையும் காட்டுகிறது. இங்கிலீஷ் எல்லாம் காதால் பொறுக்கியதுதான். வகுப்பாவது மண்ணாவது!

அங்கே ஒரே சட்டம், மக்கீன் முதலாளி போட்டது: வருகிறவர் எது கேட்டாலும் "யெஸ்". "நோ" சொன்னால் சீட்டுக் கிழியும். பிள்ளைகளின் படிப்பே இந்த வேலையை நம்பித்தான். அவளும், கூட வேலை செய்யும் றம்ஸியும் பூம்பூம் மாடுகளாகத் தலையாட்டினார்கள்.

"நோப்" வந்தது ஓர் அமெரிக்கக் கிழவரிடமிருந்து. எண்ணெய் வாங்கச் சொல்லி அவள் நச்சரித்தபோது, "நோப்" என்று உதட்டைப் பட்டென்று மூடினார். "நோ சொல்லி வாயைச் சாத்துகிறோம், பேச்சு முடிந்தது. அப்படித்தான் அந்த 'ப்' ஒட்டிக்கொண்டது" என்று சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் பிள்ளைகள் ஃபோன் கேட்டால் நோப், புருஷன் மாடசாமி இன்னொரு போத்தல் சாராயம் என்றால் நோப். வேலைத்தலத்தில் மட்டும் அது தொண்டையைத் தாண்டவில்லை.

போன செவ்வாய் பஸ்ஸில் வந்த பதினாலு பேரில் ஒருத்தி மாசமாக இருந்தாள். சாப்பாடு செரிக்கக் கொடுக்கும் செமிபாட்டு டொனிக்கைக் கோப்பையில் வாங்கி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, "பேபிக்கு ஓகேயா?" என்று கேட்டாள். டொனிக்கில் கற்றாழை, காய்ச்சியதே சந்திரகாந்தாதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகவே ஆகாது. பின்னால் முதலாளி தொண்டையைச் செருமினார். கோப்பை அந்தப் பெண்ணின் உதட்டுக்குப் போய்விட்டது.

"நோப்!" என்று கத்தியே விட்டாள்.

கோப்பை கீழே இறங்கியது. பதினாலு பேரும் ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினார்கள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? நாளைக்கு வேலைக்கு வராத!" என்று மக்கீன் பாய்ந்தார்.

"வரலைங்க. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?" டொனிக் போத்தலை அவரிடம் நீட்டினாள்.

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமாவே ஆகாதா?"

"ஆகாதுங்க முதலாளி. கரு கலைஞ்சிரும்."

"யா அல்லாஹ்! எங்கட மகள் நுஸ்லா முழுகாம இருக்காளே. வாந்தி, சத்தி எடுக்கிறாண்டு நேத்து இதுல ரெண்டு போத்தல் கொண்டு போனேன். குடுக்கலாமாண்டு றம்ஸிக்கிட்ட கேட்டுத்தானே கொண்டு போனேன். 'யெஸ் முதலாளி'ண்டானே!"

மகளின் நம்பரை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நுஸ்லா எடுக்கவில்லை.