சரணத்தில் வந்த மாமா

எழுபதுகளின் கடைசியில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். மற்ற கிடார் உரக்கக் கூவும். இது தொம் தொம்மென்று உங்கள் வயிற்றுக்குள் வந்து பேசும். அதற்கு நாலே கம்பி. "மிச்சக் கம்பியை எலி தின்னுருச்சாடா?" என்று தெருப் பையன்கள் கேலி செய்வார்கள்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் குழுவே சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியது. ஒத்திகை எங்கள் வீட்டில். எத்தனை முறை பாடியும் பாட்டு எழும்பவில்லை.

"என்ன மாப்ள, பாட்டு படுத்தே கெடக்கு" என்று பாடகர் அலுத்துக்கொண்டார்.

மாமா யோசித்தார். "பல்லவிக்கு நான் வரலண்ணே. நீங்க முன்னால போங்க, சரணத்துல வாரேன்."

கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். எனக்குக் கவலையாகிவிட்டது. ஏனென்றால் திருவிழாவுக்குச் சோழவந்தானிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். பெண்ணின் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். மாப்பிள்ளை வாசிப்பதைப் பார்த்த பிறகுதான் பேச்சை முடிப்பாராம். எனக்கோ அந்த அத்தைதான் வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று எனக்கு மட்டும் இரண்டாம் முறை கேசரி வைத்தவர் அவர்.

திருவிழா சாயங்காலம் பாட்டு தொடங்கியது. எல்லோரும் வாசிக்கிறார்கள்; மாமா மட்டும் கம்பிமேல் கைவைத்துச் சும்மா நிற்கிறார்.

பெண்ணின் அப்பா எங்கள் அப்பா பக்கம் சாய்ந்தார். "ஏங்க, மாப்பிள்ள வாசிப்பாரா? இல்ல, நிக்கிறதுதான் வேலையா?"

பல்லவியும் முடியப் போகிறது. நான் நாற்காலிமேல் ஏறி, "மாமா, வாசிங்க!" என்று கத்தினேன்.

தொம்!

அதுவரை அந்தரத்தில் ஆடிய பாட்டு தரையில் கால் வைத்து நடந்தது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்தார்; பாடகர் குரலில் ஒரு துணிச்சல் வந்தது; பின்வரிசையில் விசில் பறந்தது. பெண்ணின் அப்பாவின் செருப்பு தானாகத் தாளம் போட்டது.

"அடேயப்பா, இம்புட்டையும் எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு!" என்றார். மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்.

என்னால்தான் கல்யாணம் நடக்கிறது என்று தெருவெல்லாம் சொன்னேன். மாமா மறுக்கவேயில்லை. "ஆமா மாப்ள, நீ கத்தலேன்னா என் கதி?" என்றார்.

கல்யாண வரவேற்பில் அதே பாட்டு. மாலையைக் கழற்றிவிட்டுக் கிடாரை மாட்டிய மாமா, மறுபடியும் சும்மா நின்றார். நான் கத்த வாயைத் திறந்தேன். புது அத்தை வளையல் குலுங்க என் வாயைப் பொத்தினார்.

"பொறுடா. வருவாரு."

அதே இடத்தில், சரணத்தில், மாமா வந்தார். ஒரு தடவை கத்தியதற்கே கற்றுக்கொண்டாரே என்று எனக்கு ஒரே பெருமை.